மூச்சுத் திணறும் கட்டி இரத்தத்தில் விட்டுச் செல்லும் தடயம்

ஒரு சொட்டு இரத்தம் போதும், உடலில் எங்கே புற்றுநோய் இருந்தாலும் ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும் என்ற செய்தியை நம்மில் பலரும் படித்திருப்போம். 2019 நவம்பரில் ஜப்பானின் டோஷிபா நிறுவனம் வெளியிட்ட அறிவிப்பு அவற்றில் முக்கியமானது. அந்நாட்டுத் தேசியப் புற்றுநோய் மையத்தின் ஆய்வகத்துடனும் டோக்கியோ மருத்துவப் பல்கலைக்கழகத்துடனும் சேர்ந்து ஒரு கருவியை உருவாக்கியிருப்பதாகவும், அது 13 வகைப் புற்றுநோய்களை 99 சதவீதத் துல்லியத்துடன் இரண்டு மணி நேரத்துக்குள் கண்டறியும் என்றும் அந்நிறுவனம் கூறியது. கட்டணத்தை 20,000 யென்னுக்குள் வைப்பதே இலக்கு என்றும் சொன்னது.

வீட்டில் ஒருவரைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர்கள் இதை வெறும் அறிவியல் செய்தியாகப் படிப்பதில்லை. "ஆறு மாதம் முன்பே தெரிந்திருந்தால்..." என்ற ஏக்கத்தோடுதான் படிக்கிறார்கள். அந்த ஏக்கத்தை நம்பியே பரிசோதனைகள் விற்கப்படவும் கூடும். ஆகவே இந்தச் செய்திகளுக்குப் பின்னால் உள்ள அறிவியல் என்ன, அது எதுவரை வந்திருக்கிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

அந்தக் கருவி இரத்தத்தில் தேடுவது மைக்ரோ ஆர்.என்.ஏ. எனப்படும் மிகச் சிறிய மூலக்கூறுகளை. இவற்றில் சில, ஆக்சிஜன் கிடைக்காமல் திணறும் கட்டிகளில் ஏராளமாக உருவாகின்றன. முதலில் அந்தத் திணறலைப் புரிந்துகொள்வோம்.

காற்று எட்டாத இடம்

நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். உடலின் திசுக்களுக்குப் போய்ச் சேரும்போது அந்த அளவு பெரும்பாலும் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிடும். வேகமாக வளரும் கட்டியின் உட்பகுதியில் ஒரு சதவீதத்துக்கும் கீழே போய்விடுவது உண்டு.

காரணம் எளியது. நுண்ணிய இரத்தக் குழாயிலிருந்து ஆக்சிஜன் கசிந்து செல்லக்கூடிய தூரம் ஏறத்தாழ 0.15 மில்லிமீட்டர்தான், ஒன்றிரண்டு தலைமுடிகளை ஒட்டி வைத்த தடிமன். 1955-ல் பிரிட்டனைச் சேர்ந்த தாம்லின்சன், கிரே என்ற இருவர் நுரையீரல் புற்றுநோய்க் கட்டிகளின் மெல்லிய சீவல்களை நுண்ணோக்கியில் பார்த்தபோது இதுதான் புலப்பட்டது. இரத்தக் குழாய்க்குப் பக்கத்தில் உயிருள்ள செல்கள். சற்றுத் தள்ளிச் செத்த செல்கள். இரண்டுக்கும் நடுவே பாதி மூச்சில் உயிர் வாழும் செல்கள்.

அந்த நடு அடுக்குதான் மருத்துவர்களுக்குத் தலைவலி. ஆக்சிஜன் குறைந்த செல்லைக் கொல்ல, நல்ல ஆக்சிஜன் உள்ள செல்லுக்குத் தேவைப்படுவதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு கதிர்வீச்சு வேண்டியிருக்கிறது. இரத்தக் குழாய் தூரத்தில் இருப்பதால் மருந்தும் அங்கே சரியாகப் போய்ச் சேராது. போதாக்குறைக்கு, அந்தச் சூழலில் தாக்குப்பிடித்த செல்கள் இடம் விட்டு இடம் பரவும் குணத்தையும் பெறுகின்றன.

ஆக்சிஜன் குறைந்துவிட்டது என்பது செல்லுக்கு எப்படித் தெரிகிறது? இதற்கு விடை கண்டவர்கள் அமெரிக்காவின் கிரெக் செமென்ஸா, வில்லியம் கேலின், பிரிட்டனின் பீட்டர் ராட்கிளிஃப். மூவருக்கும் 2019-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. செல்லுக்குள் ஹிஃப் என்ற புரதம் ஓயாமல் தயாராகிக்கொண்டே இருக்கிறது. ஆக்சிஜன் போதுமான அளவு இருந்தால், அந்த ஆக்சிஜனைக் கொண்டே ஒரு நொதி ஹிஃப் மீது அடையாளம் இடுகிறது, வி.எச்.எல். என்ற வேறொரு புரதம் அந்த அடையாளத்தைப் பார்த்து ஹிஃப்பை அழிவுக்கு அனுப்புகிறது. ஆக்சிஜன் இல்லாவிட்டால் அடையாளம் இட ஆளில்லை. ஹிஃப் அழியாமல் சேர்ந்து, செல்லின் உட்கருவுக்குள் நுழைந்து, நூற்றுக்கணக்கான மரபணுக்களை இயக்கத் தொடங்குகிறது. புதிய இரத்தக் குழாயை வரவழைப்பது, ஆக்சிஜன் இல்லாமல் சர்க்கரையை எரிப்பது எல்லாம் அதன் ஏற்பாடு.

வி.எச்.எல். மரபணு பிறவியிலேயே பழுதானவர்களுக்குச் சிறுநீரகத்திலும் பிற உறுப்புகளிலும் கட்டிகள் வருகின்றன. ஹிஃப்-2 என்ற வகையைத் தடுக்கும் பெல்ஸுடிஃபான் மருந்தை அவர்களுக்காக 2021-ல் அமெரிக்க அரசு அனுமதித்தது. ஆக்சிஜன் பற்றிய இந்த ஆராய்ச்சி நோயாளியின் கைக்கு வந்து சேர்ந்துவிட்டது என்பதற்காக இதைச் சொல்கிறோம். நாம் பேச வந்த இரத்தப் பரிசோதனையின் கதை வேறு.

நகலைக் கெடுக்கும் துண்டுச் சீட்டு

டி.என்.ஏ.வை மூலப் பத்திரம் என்று வைத்துக்கொண்டால், அதிலிருந்து எடுக்கும் நகல்தான் ஆர்.என்.ஏ. நகலைப் படித்துச் செல் புரதம் தயாரிக்கிறது. ஆனால் நம் டி.என்.ஏ.வில் புரதத்துக்கான குறிப்பு இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. மீதியிலிருந்தும் ஆர்.என்.ஏ. உருவாகிறது, அது புரதமாக மாறுவதில்லை. பல காலம் அதைக் குப்பை என்றே ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

1993-ல் அமெரிக்காவில் விக்டர் ஆம்ப்ரோஸ் குழுவினர், ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழு ஒன்றில் 22 எழுத்துகள் மட்டுமே கொண்ட ஓர் ஆர்.என்.ஏ.வைக் கண்டார்கள். அது நகல்களின் மீது ஒட்டிக்கொண்டு, அவற்றைப் படிக்கவிடாமல் தடுக்கிறது என்பதைக் கேரி ருவ்குன் குழுவும் சேர்ந்து காட்டியது. புழுவுக்கு மட்டும் உள்ள விநோதம் என்று பலர் விட்டுவிட்டார்கள். 2000-ல் ருவ்குன் குழு கண்ட இன்னொரு மைக்ரோ ஆர்.என்.ஏ. மனிதர் உட்படப் பல உயிரினங்களில் அப்படியே இருப்பது தெரிந்த பிறகுதான் துறை விழித்துக்கொண்டது. ஆம்ப்ரோஸுக்கும் ருவ்குனுக்கும் நோபல் கிடைத்தது 2024-ல்.

ஆக்சிஜன் குறையும்போது எந்த மைக்ரோ ஆர்.என்.ஏ. கூடுகிறது என்று 2007 முதல் வெவ்வேறு ஆய்வகங்கள் தேடின. தொடக்கத்திலேயே இதில் ஈடுபட்டவர்களில் ஒருவர், பின்னாளில் டெல்லி ஐ.ஐ.டி.யில் பணியாற்றும் ரிது குல்ஷ்ரேஷ்டா. பட்டியல்கள் ஆய்வகத்துக்கு ஆய்வகம் வேறுபட்டன. ஒரு பெயர் மட்டும் ஏறத்தாழ எல்லாவற்றிலும் இருந்தது: மிர்-210. ஹிஃப் நேரடியாகவே அதன் உற்பத்தியைத் தூண்டுகிறது.

மிர்-210 என்ன செய்கிறது? மின்வெட்டில் இன்வெர்ட்டரை நம்பியிருக்கும் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். குளிர்சாதனப் பெட்டியையும் மோட்டாரையும் நிறுத்திவிட்டு விளக்கை மட்டும் எரிய விடுவோம் அல்லவா? செல்லில் ஆக்சிஜனை அதிகம் விழுங்குவது மைட்டோகாண்ட்ரியா. அதன் இயந்திரத்துக்கு இரும்பும் கந்தகமும் சேர்ந்த சிறு பாகங்கள் தேவை. அவற்றைப் பொருத்தும் புரதத்தின் நகலை மிர்-210 முடக்கிவிடுகிறது. ஆக்சிஜன் செலவு குறைகிறது, கட்டி தாக்குப்பிடிக்கிறது. மார்பகப் புற்றுநோயில் மிர்-210 அதிகமாக இருந்த நோயாளிகளுக்கு நோயின் போக்கு மோசமாக இருந்ததை 2008-ல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் தெரிவித்தார்கள்.

எல்லாச் சிறு ஆர்.என்.ஏ.க்களும் கட்டிக்கு உதவுவதாக எண்ணிவிட வேண்டாம். ஆக்சிஜன் குறையும்போது, புரதத் தயாரிப்புக்கு மூலப்பொருள் சுமக்கும் டி.ஆர்.என்.ஏ.க்கள் சில துண்டாகின்றன. அந்தத் துண்டுகள், கட்டி வளர உதவும் நகல்களைப் பாதுகாக்கும் புரதத்தைத் தாங்கள் பிடித்துக்கொண்டு நகல்களை வெளியே தள்ளிவிடுகின்றன. அதாவது இது ஒரு பிரேக். வேகமாகப் பரவும் மார்பகப் புற்றுச் செல்கள் இந்தத் துண்டுகள் உருவாவதையே குறைத்துக்கொள்கின்றன என்று நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகக் குழு 2015-ல் காட்டியது. கூடியிருப்பதைத் தேடுவது போலவே, இருக்க வேண்டியது குறைந்திருப்பதையும் தேட வேண்டும் என்பது இதனால் விளங்குகிறது.

இரத்தத்தில் எப்படி நிலைக்கிறது?

ஆர்.என்.ஏ.வை வெட்டும் நொதிகள் இரத்தத்தில் நிறைந்திருக்கின்றன. வெறும் ஆர்.என்.ஏ.வை இரத்த நீரில் விட்டால் விரைவில் சிதைந்துவிடும். ஆனால் 2008-ல் சியாட்டிலில் ஃப்ரெட் ஹட்சின்சன் மையத்தினர் சோதித்தபோது, உடலே வெளியிட்ட மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் அறை வெப்பத்தில் ஒரு நாள் முழுக்க வைத்தும், மீண்டும் மீண்டும் உறையவைத்து உருக்கியும் கெடாமல் இருந்தன. சில, செல் வெளியேற்றும் மிக நுண்ணிய கொழுப்புப் பைகளுக்குள் அடைபட்டு வருகின்றன. பல, ஆர்கோனாட் என்ற புரதத்தின் பிடியில் பத்திரமாக வருகின்றன.

அதே ஆண்டில் ஆக்ஸ்ஃபோர்டில், ஒருவகை நிணநீர்ப் புற்றுநோயாளிகள் 60 பேரின் இரத்தத்தை ஆரோக்கியமான 43 பேரின் இரத்தத்துடன் ஒப்பிட்டார்கள். நோயாளிகளிடம் கூடுதலாக இருந்த மூன்று மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களில் மிர்-210-ம் ஒன்று. திணறும் கட்டியின் தடயம் கைவிரலில் எடுக்கும் இரத்தத்திலேயே கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை பிறந்தது இப்படித்தான். நியாயமான நம்பிக்கைதான். அதன் பிறகு ஆய்வுக் கட்டுரைகள் குவிந்தன. மருத்துவமனையில் அன்றாடம் பயன்படும் பரிசோதனையாக மாறியவை மிகச் சொற்பம். ஏன்?

தடயம் இருக்கிறது, யாருடையது?

முதல் சிக்கல் இரத்தத்திலேயே இருக்கிறது. சிவப்பணுக்களுக்குள் மைக்ரோ ஆர்.என்.ஏ. நிறைய உண்டு. ஊசியில் இழுக்கும்போதோ, குழாயை வேகமாகக் குலுக்கும்போதோ சில அணுக்கள் உடைந்தால் போதும், அளவு தாறுமாறாகிவிடும். திடக்கட்டிகளின் அடையாளம் என்று அதுவரை சொல்லப்பட்டிருந்த 79 மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களை 2012-ல் சியாட்டில் குழுவினர் சரிபார்த்தபோது, 46 சாதாரண இரத்த அணுக்களிலேயே அதிகமாக இருப்பவை என்று தெரிந்தது. பாதிக்கும் மேல்! புற்றுநோயாளியின் இரத்தம் ஒரு மருத்துவமனையில், ஆரோக்கியமானவரின் இரத்தம் வேறோர் இடத்தில், வேறொரு முறையில் எடுக்கப்பட்டிருந்தால், கருவி கண்டுபிடிப்பது நோயை அல்ல, எடுத்த முறையின் வேறுபாட்டை.

இரண்டாவது, மிர்-210 புற்றுநோயின் கையெழுத்து அல்ல. ஆக்சிஜன் பற்றாக்குறையின் கையெழுத்து. மாரடைப்பில் இதயத் தசைக்கு ஆக்சிஜன் போவதில்லை. பக்கவாதத்தில் மூளைக்குப் போவதில்லை. கர்ப்பிணிகளுக்கு இரத்த அழுத்தம் ஏறும் பிரீ-எக்ளாம்ப்சியாவில் நஞ்சுக்கொடி திணறுகிறது. இங்கெல்லாமும் மிர்-210 கூடுவதாக ஆய்வுகள் இருக்கின்றன. வாசலில் புகை தெரிகிறது. எரிவது அடுப்பா, குப்பையா, வீடா என்பதைப் புகை சொல்லாது.

மூன்றாவதுதான் நம்மை அதிகம் யோசிக்க வைக்கிறது. கட்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டரைத் தாண்ட வேண்டுமானால் சொந்தமாக இரத்தக் குழாய் வேண்டும் என்று 1971-ல் பாஸ்டனின் ஜூடா ஃபோக்மன் சொன்னார். அந்தத் திருப்பத்தில்தான் திணறல் தொடங்குகிறது. அப்படியானால் இந்தத் தடயம் எழும் நேரம், ஸ்கேனில் கட்டி தெரிவதற்கு வெகு முன்பே என்று மகிழலாம். ஆனால் கடுகளவுக் கட்டி வெளியிடும் சில மூலக்கூறுகள் ஐந்து லிட்டர் இரத்தத்தில் கரைகின்றன. தடயம் தெளிவாகத் தெரியும் அளவுக்குக் கட்டி வளர்ந்தபோது, அதை "ஆரம்ப நிலை" என்று சொல்ல முடியுமா? முற்றிய நோயாளிகளிடம் எடுத்த அளவைக் காட்டி "ஆரம்பத்திலேயே கண்டறியலாம்" என்று எழுதும் கட்டுரைகளைப் படிக்கும்போது இந்தக் கேள்வியை மறந்துவிடக் கூடாது.

99 சதவீதத்தின் கணக்கு

99 சதவீதம் என்றால் நூற்றுக்கு ஒன்றுதான் தவறும், பரவாயில்லையே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். நோய் அறிகுறி ஏதும் இல்லாத ஒரு லட்சம் பேருக்குப் பரிசோதனை செய்வதாகவும், அவர்களில் 500 பேருக்கு மறைந்த புற்றுநோய் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். பரிசோதனை அந்த 500-ல் 495 பேரைச் சரியாகப் பிடிக்கும். நோய் இல்லாதவர்கள் 99,500. அவர்களில் ஒரு சதவீதம், அதாவது 995 பேருக்கும் "இருக்கிறது" என்று வரும். ஆக 1,490 பேர் கையில் பயமுறுத்தும் தாள். அவர்களில் உண்மையான நோயாளிகள் மூன்றில் ஒருவர். நோய் இல்லாதவர்களிடம் ஒரு சதவீதத்துக்குப் பதில் ஐந்து சதவீதம் தவறினால், வீணாகப் பயந்தவர்கள் 4,975 பேர். அவர்கள் ஸ்கேனுக்கும் பயாப்சிக்கும் அலைய வேண்டும். செலவை யார் ஏற்பது? எந்த உறுப்பில் தேடுவது?

நோயாளி என்று முன்பே தெரிந்தவர்களின் சேமித்த இரத்தத்தையும் ஆரோக்கியமானவர்களின் இரத்தத்தையும் பிரித்துக் காட்டுவது ஒன்று. தெருவில் நடந்து போகும் ஒரு லட்சம் பேரில் நோயாளியைக் கண்டுபிடிப்பது முற்றிலும் வேறு. ஜப்பானிய அறிவிப்பின் 99 சதவீதம் முதல் வகை.

முன்பே கண்டால் பிழைப்பார்களா?

இதைக் கேட்பதே சிலருக்கு விசித்திரமாக இருக்கலாம். பிரிட்டனில் 2001 முதல் 2005 வரை இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைச் சேர்த்து, சினைப்பைப் புற்றுநோய்க்கு இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் செய்தார்கள். 2021-ல் வெளியான முடிவு ஏமாற்றமளித்தது. இரத்தப் பரிசோதனை செய்த பிரிவில் ஆரம்ப நிலைக் கட்டிகள் கூடுதலாகக் கண்டறியப்பட்டன. இறப்பு குறையவில்லை. தென்கொரியாவில் தைராய்டு ஸ்கேன் பரவலானதும், 1993-ல் இருந்ததைவிட 2011-ல் தைராய்டு புற்றுநோய் 15 மடங்கு பதிவானது. அந்நோயால் இறந்தவர்களின் விகிதம் அப்படியே இருந்தது. வாழ்நாள் முழுக்கத் தொல்லை தராமல் கிடந்திருக்கக்கூடிய கட்டிகளுக்காகப் பலர் தைராய்டை இழந்து, ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிடுகிறார்கள்.

நேர்மாறான உதாரணம் நமக்கு அருகிலேயே இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயது வரையிலான பெண்களின் கருப்பை வாயில் பயிற்சி பெற்ற செவிலியர்கள் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெண்மையாக மாறுகிறதா என்று கண்ணால் பார்த்தார்கள். அமிலம் என்றால் பயப்பட வேண்டாம், வினிகரில் இருப்பதுதான். பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட கிராமங்களை அழைக்கப்படாத கிராமங்களோடு ஒப்பிட்டார்கள். கருப்பை வாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும் அதனால் ஏற்பட்ட இறப்பு 35 சதவீதமும் குறைந்திருந்தது 2007-ல் வெளியானது. மும்பையில் ஒன்றரை லட்சம் பெண்களிடம் 20 ஆண்டுகள் நடந்த ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் கையால் மார்பகத்தைப் பரிசோதித்ததில், 50 வயதைத் தாண்டியவர்களிடம் மார்பகப் புற்றுநோய் இறப்பு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. எந்த மூலக்கூறையும் யாரும் அளக்கவில்லை. ஆனால் "இறப்பு குறைந்ததா?" என்ற கேள்விக்கு இந்த இரண்டிடமும் பதில் இருக்கிறது. மிர்-210-இடம் இன்னும் இல்லை.

எங்கே பயன்படுகிறது?

மைக்ரோ ஆர்.என்.ஏ. பரிசோதனை என்றாலே வீண் என்றும் சொல்வதற்கில்லை. இளைஞர்களைத் தாக்கும் விரைப்புற்றுநோயில் மிர்-371 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ. இரத்தத்தில் எழுகிறது. 2019-ல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், நோயாளிகளில் 90 சதவீதம் பேரை அது காட்டியது. நோய் இல்லாதவர்களில் 94 சதவீதம் பேரைச் சரியாக விலக்கியது. கட்டியை அகற்றியதும் அளவு விரைவாக இறங்குகிறது. நோய் திரும்பினால் ஏறுகிறது. டெரடோமா என்ற வகையை மட்டும் அது காட்டாது. இவ்வளவு தெளிவாக இருப்பதற்குக் காரணம், அது கரு நிலைச் செல்களுக்கே உரியது. ஆரோக்கியமான பெரியவரின் உடலில் அதற்கு வேலையில்லை. மிர்-210-க்கு உடல் முழுக்க வேலை. அந்த வேறுபாடுதான் எல்லாம்.

சிங்கப்பூரில் இரைப்பைப் புற்றுநோய்க்காக 12 மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களைச் சேர்த்துப் பார்க்கும் இரத்தப் பரிசோதனைக்கு 2019-ல் அனுமதி கிடைத்தது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் செய்த ஆய்வில், நோயுள்ளவர்களில் ஏறத்தாழ 87 சதவீதம் பேரை அது பிடித்தது. இல்லாதவர்களில் ஏறத்தாழ 68 சதவீதம் பேரை மட்டுமே விலக்கியது. ஆகவே அது நோயை உறுதிசெய்யும் பரிசோதனை அல்ல. யாருக்கு எண்டோஸ்கோபி தேவை என்று வடிகட்டப் பயன்படுவது.

இந்த வகைப் பரிசோதனையை யாராவது நம்மிடம் கொண்டுவந்தால் கேட்க வேண்டியவை சில உண்டு. துல்லியம் என்று சொல்வது யாரிடம் அளந்தது, ஏற்கெனவே நோயாளி என்று தெரிந்தவர்களிடமா, அறிகுறி இல்லாத பொதுமக்களிடமா? நோய் இல்லாதவர்களில் எத்தனை பேருக்குத் தவறாக "உண்டு" என்று வந்தது? "உண்டு" என்று வந்தால் அடுத்து என்ன பரிசோதனை, அதற்கு எவ்வளவு ஆகும்? விற்பவருக்கு மூன்றாவது கேள்விக்கே பதில் தெரியாவிட்டால், பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "இல்லை" என்று வரும் தாளும் ஆபத்தானதுதான். மார்பில் தட்டுப்படும் கட்டி, மாதவிடாய் நின்ற பிறகு வரும் உதிரப்போக்கு, மலத்தில் இரத்தம், மூன்று வாரமாகியும் ஆறாத வாய்ப்புண், காரணமில்லாமல் குறையும் எடை: இவற்றில் ஏதாவது இருப்பவர் இரத்தப் பரிசோதனை முடிவு நல்லபடியாக வந்தது என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது. அவரை மருத்துவர் நேரில் பார்க்க வேண்டும். தேவைப்பட்டால் ஸ்கேன், பயாப்சி செய்ய வேண்டும். இதற்கு ஒரு சொட்டு இரத்தத்தில் மாற்று இன்னும் வரவில்லை.